தோழியின் மிச்சப் பேனா வேண்டாம்

கேள்வி: வயது 38, எடை 82 கிலோ, உயரம் 158 செ.மீ. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். பசியைக் குறைக்கும் மவுன்ஜாரோ ஊசி போட்டு என் தோழி நன்றாக இளைத்தாள். டோஸை ஏற்றியதும் வாந்தி தாங்காமல் விட்டுவிட்டாள். பேனா வடிவ ஊசியில் இரண்டு டோஸ் மிச்சம் இருக்கிறது, நீ போட்டுக்கொள் என்கிறாள். இன்ஸ்டாகிராமில் ஒருவர் டாக்டர் சீட்டு கேட்காமல் பாதி விலைக்குக் கூரியரில் அனுப்புகிறாராம். எதை வாங்கலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும் வேண்டாம். மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 33-ஐ ஒட்டி வருகிறது. 30-க்கு மேல் போனாலே டாக்டர்கள் இந்த ஊசியைப் பற்றி யோசிப்பார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை கிளிமிபிரைடு. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஊசியால் பசி போய், மூன்று இட்லி சாப்பிடுகிற இடத்தில் ஒன்றோடு எழுந்தீர்கள் என்றால், பதினோரு மணிவாக்கில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரலாம். ஊசி எழுதும் டாக்டர் அந்த மாத்திரையைக் குறைப்பார், இல்லை மாற்றுவார். கூரியர்காரர் அதைச் செய்ய மாட்டார்.

தோழியின் பேனாவுக்கு வருவோம். முனை ஊசியைப் புதிதாக மாற்றினாலும், முன்பு குத்தியபோது துளி ரத்தம் உள்ளே ஏறியிருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது. அதோடு, ஆரம்பிக்கிறவர்களுக்கு வாரம் 2.5 மி.கி., அதுவும் நான்கு வாரம். அப்புறம்தான் 5. அவரையே வாந்தியெடுக்க வைத்த அளவில் நீங்கள் தொடங்குவதா?

டாக்டரிடம் போகும்போது கேட்காமலே சொல்ல வேண்டியவை சில உண்டு. முன்பு கணையத்தில் அழற்சி வந்ததா, பித்தப்பையில் கல் இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்ததா, சர்க்கரையால் கண் விழித்திரை பாதித்திருக்கிறதா. கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் அதையும் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால், ஊசி தொடங்கியதும் நான்கு வாரம், டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரம் ஆணுறையும் தேவைப்படும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே தெரிவியுங்கள். ஊசி போட்ட பிறகு முதுகுவரை பரவும் கடுமையான வயிற்றுவலி வந்தால் ஜெலுசில் குடித்துப் படுத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாதி விலைப் பார்சல்? பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாத ஈரோட்டில், ஐஸ் பேக் உருகிய தெர்மாகோல் டப்பாவில் அது எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? உறைந்துபோனாலும் குப்பைதான், எனவே வீட்டில் ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். போலியும் உண்டு. இதே வகையைச் சேர்ந்த ஒசெம்பிக்கின் போலி பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் 2023-ல் பிடிபட்டதை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. ஃப்ரிட்ஜ் உள்ள மருந்துக்கடையில், சீட்டைக் காட்டி வாங்குங்கள். பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெட்டியோடு ஒத்துப்போகிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915-ல் புகார் சொல்லலாம்.

செலவையும் முதல் மாதத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவில் அறிமுகமானபோது 2.5 மி.கி. குப்பி ஒன்று 3,500 ரூபாய், வாரம் ஒன்று. நிறுத்தினால் எடை திரும்புகிறது: ஒசெம்பிக்கில் உள்ள செமாகுளுடைடு மருந்தை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், விட்ட ஒரே வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. ஒரு வருடத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: பசி எடுக்காத ‘மூலிகை’ கேப்சூல், பக்கவிளைவே இல்லை என்று விற்கிறார்கள். நம்பலாமா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: சாப்பிட்டதும் வாய் உலர்ந்து, நெஞ்சு படபடத்து, தூக்கம் போனால் அதில் சிபுட்ரமின் கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட பசியடக்கி அது. இந்தியாவில் 2011-ல் தடை. மூலிகை என்று விற்கும் இளைப்பு மருந்துகளில் சிங்கப்பூர் அதிகாரிகள் அதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் சாப்பிடுவதை நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.