வாடாமல்லிப் பட்டு: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம்.

எனக்கு வயது 64. கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. தை மாதம் தம்பி மகளுக்குக் கல்யாணம். புடவை எடுக்கக் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போனோம். வாடாமல்லி நிறத்தில் அரக்கு பார்டர் வைத்த ஒரு பட்டு என் மனசில் நின்றுவிட்டது. கையில் எடுத்தேன். என் மருமகள் அதை மெதுவாக வாங்கி வைத்துவிட்டுச் சந்தன நிறத்தில் ஒன்றை நீட்டினாள். "உங்க வயசுக்கு இதுதான் அத்தை டீசண்ட்டா இருக்கும்" என்றாள். நல்ல பெண், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் பேசாமல் எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் தோளில் போட்டுப் பார்த்தால் நாலு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி இருக்கிறேன். மாநிறத்தை விடக் கொஞ்சம் கறுப்பு நான். தலை முழுக்க நரை, டை அடிப்பதில்லை. இன்னும் ஃபால்ஸ் தைக்கவில்லை. மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. பெண்ணுக்கு மேக்கப் போட வருபவர் எங்களுக்கும் போட்டுவிடுவாராம். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையாகவும் இருக்கிறது. வயதானவர்களுக்கு என்று தனி நிறம் உண்டா? என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள அக்கா,

மாற்றிவிடுங்கள். வாடாமல்லியையே எடுங்கள்.

காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பிரமை இல்லை. வயதாக ஆக உதட்டின் சிவப்பு குறைகிறது, புருவம் மெலிந்து நரைக்கிறது, கண்ணின் வெள்ளை மங்குகிறது. தோலுக்கும் இவற்றுக்கும் இடையே இருந்த வேறுபாடு கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. ஒரு முகத்துக்கு என்ன வயது என்று நாம் கணிப்பதில் இந்த வேறுபாட்டுக்கும் பங்கு இருக்கிறது என்று 2013ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. முதலில் வெள்ளைக்காரப் பெண்களின் முகங்களை வைத்துச் செய்தார்கள். 2017ல் சீனப் பெண்களையும் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோதும் அதேதான். மங்கிவரும் முகத்துக்குக் கீழே, தோலை ஒட்டியே நிற்கிற ஒரு மங்கல் நிறத்தைப் போட்டால் எல்லாம் ஒன்றாகக் கரைந்துபோகிறது. வாடாமல்லி அந்த முகத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

வயசானால் வெளிர் நிறம் என்பதை நம்முடைய பழைய வழக்கம் போலச் சொல்கிறோம். காரைக்குடிப் பக்கத்து ஆச்சிமார் கட்டிய கண்டாங்கியை நினைத்துப் பாருங்கள். செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு, பெரிய பெரிய கட்டம், அகலமான கரை. எண்பது வயதிலும் அதைத்தான் கட்டினார்கள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகு இளம்பெண்கள் அதை ஆசையாகத் தேடி வாங்குகிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது பாட்டிகளின் புடவை. என் ஊரில் களையெடுக்கப் போன கிழவிகள் அரக்கும் பாக்குக் கலரும் தவிர வேறு கட்டி நான் பார்த்ததில்லை.

நம் பெண்களிடமிருந்து நிறத்தைப் பிடுங்கியது வயது இல்லை அக்கா, கணவனின் சாவு. இன்று யாரும் வெள்ளை கட்டு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சந்தனம், பிஸ்கட் கலர், வெளிர் சாம்பல் என்று எடுத்து நீட்டுகிறோம். "டீசண்ட்" என்ற சொல்லுக்குள் அந்தப் பழைய வெள்ளைப் புடவைதான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உங்கள் மருமகளுக்கு இது தோன்றியே இருக்காது. கூப்பிட்டு உட்காரவைத்து, கோபப்படாமல் சொல்லுங்கள். நாளைக்கு அவளுக்கும் அறுபத்து நான்கு வரும்.

நரை இருக்கிறதே என்று தயங்கவே வேண்டாம். ஆழ்ந்த நிறங்களுக்கு நரையைப் போல ஒரு துணை கிடையாது. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த நீலம் அவர் பெயரிலேயே எம்.எஸ். புளூ என்று இன்றைக்கும் விற்கிறது. அவருடைய பிற்காலப் படங்களை எடுத்துப் பாருங்கள். நரைத்த தலை, மல்லிகை, இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, அழுத்தமான நிறத்தில் பட்டு. அந்த முகத்தில் எதுவும் மங்கவில்லை.

புடவையில் நாம் மறந்துபோகிற ஒன்று, முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது பிளவுஸும் தோள் மடிப்பும்தான். புடவையின் உடல் பகுதி என்ன நிறமானாலும் முகத்தில் வெளிச்சம் அடிப்பது அந்த ஒரு சாண் துணி. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வெளிர் புடவைகளைத் தூக்கிப் போட வேண்டாம். அவற்றுக்கு அரக்கு, பாட்டில் பச்சை, மாதுளை என்று பிளவுஸ் மாற்றித் தையுங்கள். பாதிப் புடவைகள் பிழைத்துவிடும்.

கடையில் நிறம் பார்க்கும்போது டியூப் லைட்டை நம்பாதீர்கள். நம் அம்மாக்கள் புடவையைக் கடை வாசலுக்குத் தூக்கிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்கள். அதுதான் சரி. இன்னொன்றும் இருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு மஞ்சளாகிறது, நீல ஒளியைக் குறைவாகவே உள்ளே விடுகிறது. கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரிவது அதனால்தான். என் அம்மா கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்த அன்று கொடியில் காய்ந்த தன் புடவையைப் பார்த்து, "இது நீலமா? இத்தனை நாளா பச்சைன்னு நெனச்சுல்ல கட்டிட்டிருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே என்ன நிறம் என்று சந்தேகம் வந்தால் மருமகளைக் கேளுங்கள். பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே சொல்லுங்கள்.

மேக்கப் போட்டுக்கொள்ளுங்கள். ஆசை இருக்கும்போது ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? ஆனால் உட்கார்ந்தவுடன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், "என்னை வெள்ளையாக்க வேண்டாம்." கல்யாண வீடுகளில் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். தோலை விட இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷனைப் பூசி, அதன்மேல் பவுடரை அப்பினால் நம் நிறத்தில் சாம்பல் பூத்துவிடும். சுருக்கங்களில் பவுடர் இறங்கிக் கோடு கோடாக நிற்கும். ஃபவுண்டேஷனைக் கையில் தடவிப் பார்க்க வேண்டாம், தாடையோரம் தடவட்டும், கழுத்தோடு சேர்கிறதா என்று பார்க்கட்டும். முதலில் முகத்துக்கு ஈரப்பதம் தரும் கிரீம். பவுடர் மூக்கிலும் நெற்றியிலும் லேசாகப் போதும். புருவத்துக்குக் கன்னங்கரிய பென்சில் கூடாது, நரைக்குப் பக்கத்தில் அது ஒட்டவைத்த மாதிரி இருக்கும். சாம்பல் கலந்த பழுப்பு கேளுங்கள். மை மேல் இமையில் போதும். கீழே தீட்டினால் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தோடு சேர்ந்துகொள்ளும். உதட்டுக்கு மாதுளைச் சிவப்போ செங்கல் சிவப்போ உங்கள் நிறத்துக்கு நன்றாக இருக்கும். காய்ந்து வெடிக்கிற மேட் வகை மட்டும் வேண்டாம்.

பொட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருப்பீர்களோ என்று எனக்குத் தோன்றியது. தொட்டிலில் கிடந்தபோதே உங்கள் அம்மா வைத்துவிட்ட பொட்டு அது. வைத்துக்கொள்ளுங்கள். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டினால் சிலருக்கு அங்கே தோல் நிறம் போய் வெள்ளைத் திட்டு விழுகிறது. குங்குமம் நல்லது.

காஞ்சிபுரத்துக்குப் பகலில் போங்கள், ஒளி இருக்கும்போதே. அந்த வாடாமல்லி விற்றுப்போயிருந்தால் மயில்கழுத்தும் மாதுளையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைப் பையன் சந்தன நிற அடுக்கைத் திரும்ப இறக்கினால், "அது வேண்டாம் தம்பி" என்று நீங்களே சொல்லுங்கள், மருமகள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். பிளவுஸை உடனே தைக்கக் கொடுத்துவிடுங்கள். தை மாதம் நெருங்கினால் டெய்லர்கள் கையில் சிக்கமாட்டார்கள்.

அன்புடன்.