முந்திரித் தோப்பை விற்க வேண்டாம், ஐயா

நேற்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மகள் பேசியது நாலே வாக்கியம். மீதியெல்லாம் அவளுடைய தாய்மாமன் பேசினார், அதுவும் சென்னையிலிருந்து கைபேசியில். பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது தவறு. செயற்கை நுண்ணறிவு என்று பலகை மாட்டிய படிப்பில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வாங்கப் பண்ருட்டித் தோப்பை விலைபேசியிருக்கிறீர்கள். அதற்குப் பயப்படத்தான் வேண்டும்.

கலந்தாய்வு, வங்கித் தேர்வு பற்றியெல்லாம் ஊரே சொல்லும். நான் அவள் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பேசுகிறேன்: “பெயரைக் கேட்டால் எண் சரியாக வருகிறது சார், எண்ணைக் கேட்டால் ஏதோ நீளமான பெயர் வருகிறது.”

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, பைண்ட் என்ற இலவச மென்பொருளை வைத்து வீட்டுக்குள்ளேயே டிஎன்எஸ் சர்வர், அதாவது கணினியின் பெயரைக் கேட்டால் அதன் இணைய எண்ணைச் சொல்லும் சர்வர், நடத்துகிறாள். தாய்மாமன் அதை விளையாட்டு என்றார். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த அந்த முறையின்மேல்தான் இன்றும் இணையம் நடக்கிறது. பெயருக்கு எண்ணைத் தருவது ‘ஏ’ பதிவு, எண்ணுக்குப் பெயரைத் தருவது ‘பிடிஆர்’ பதிவு. ஒன்றை எழுதினால் மற்றது தானாக வராது. பிடிஆர் எழுத, 192.168.1.25 என்ற எண்ணைத் தலைகீழாக்கி 25.1.168.192 என்று எழுதி, பின்னால் ‘இன்-ஆடர்.ஆர்பா’ சேர்க்க வேண்டும். தபால் உறையில் கதவு எண் முதலிலும் ஊர் கடைசியிலும் வருவதுபோல. பொது இணைய முகவரியானால், இந்தத் தலைகீழ்ப் பதிவு பெரும்பாலும் இணைப்புத் தரும் நிறுவனத்தின் கையில் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாததால்தான் அனுப்பிய மின்னஞ்சலெல்லாம் திரும்புகிறது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாமன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தவற்றைக் கண்டுபிடித்துவிட்டாள். பிடிஆர் வரியின் கடைசியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. புள்ளி இல்லாவிட்டால் பைண்ட் அந்தப் பெயரின் வாலில் மண்டலத்தின், அதாவது அந்தக் கோப்பு ஆளும் பகுதியின், பெயரையும் ஒட்டிவிடும். (மெய்யெழுத்தின் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும் மொழியில் வளர்ந்தவளுக்கு இது கண்ணில் படாதா என்ன!) புள்ளி வைத்தாள், கோப்பின் வரிசை எண்ணையும் ஒன்று கூட்டினாள். அது கூடாவிட்டால், கோப்பின் நகலை வைத்திருக்கும் துணை சர்வர்கள் மாற்றத்தை எடுத்துக்கொள்ளாது. அவள் வீட்டில் துணை சர்வரே கிடையாது; இருந்தும் கூட்டினாள். அந்த ஒழுங்கை எந்த நன்கொடைக்கும் எவரும் விற்பதில்லை.

தேவனாம்பட்டினம் அரசுக் கலைக் கல்லூரியில் கணினி அறிவியலுக்கு விண்ணப்பியுங்கள். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். அவள் பெயரில் ஒரு டொமைன் வாங்கிக் கொடுங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகும். படிக்கும்போதே லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வு ஒன்றை எழுதட்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது, இரவுப் பணியும் வரும். அதை அவளிடமே சொன்னேன், தலையாட்டினாள். கடன் மட்டும் அவள் தலையில் ஏறக்கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

தோப்பைப் பார்க்கச் சனிக்கிழமை ஆள் வருகிறார் என்றீர்கள். வர வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். மைத்துனருக்கு என் கைபேசி எண்ணைக் கொடுங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.