பாட்டிலில் இருக்கும் மூளைத் துண்டில் ரேபிஸ் தெரியுமா?

கேள்வி: நாய் கடித்த என் அத்தான் இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டார். போன மாதம் தண்ணீரைக் கண்டு மிரண்டு மிரண்டே இறந்தார். மூளைக்காய்ச்சல் என்று எழுதிவிட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் மூளைத் துண்டு எடுத்து வைத்தார்களாம். மார்ச்சுவரி பக்கம் நடமாடும் ஒருவர், முன்பு எடுத்த ரத்தத்தை வைத்தே ரேபிஸ் சான்று வாங்கித் தருவதாகப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? அத்தானின் எச்சிலைத் துடைத்த அக்காவுக்குக் கையில் வெடிப்பு இருந்தது.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சல்லிக்காசு கொடுக்காதீர்கள். ரேபிஸ் கிருமி ரத்தத்தில் தங்காது. நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். ரத்தத்தில் பார்ப்பது எதிர்ப்பொருளை, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தை. அத்தான் இரண்டு ஊசி போட்டவர். எதிர்ப்பொருள் இருந்தால் அது ஊசியால் வந்ததாகவே இருக்கலாம். புரோக்கர் அதைத்தான் 'பாசிட்டிவ்' என்று தலையில் கட்டுவார்.

சரியான சோதனைக்கு மூளைதான் வேண்டும், அதுவும் மூளைத்தண்டும் சிறுமூளையும். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை அந்தத் திசுவில் இட்டால், கிருமி உள்ள இடம் நுண்ணோக்கியில் பச்சையாக மின்னும். சில மணி நேர வேலை. ஆனால் திசு எந்த மருந்திலும் ஊறாமல் அப்படியே, ஐஸில் போக வேண்டும். நம்மூரில் பழக்கதோஷத்தில் எதை எடுத்தாலும் ஃபார்மலினில், அதாவது திசு அழுகாமல் வைக்கும் திரவத்தில், போட்டுவிடுகிறார்கள். ஐஸ் பெட்டி பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுக்குக் கிளம்புமுன் நாலு மேசையில் கையெழுத்து வேறு!

உங்கள் துண்டும் ஃபார்மலினில்தான் இருக்கும். அப்படியிருந்தாலும் கை விட்டுப்போகவில்லை. அதை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற முறையில் கிருமியின் புரதத்தைத் தேடலாம். ரேபிஸ் தாக்கிய மூளைச் செல்லுக்குள் 1903-இல் நெக்ரி என்ற மருத்துவர் கண்ட உருண்டைகள் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து 'ரேபிஸ் இல்லை' என்று முடித்துவிட வேண்டாம். ரேபிஸிலேயே பலருக்கு அவை தென்படாது. இன்னொன்று: துண்டு மூளையின் மேற்பகுதியில் எடுத்ததா, தண்டில் எடுத்ததா என்று கேளுங்கள். மேற்பகுதி மட்டும் என்றால், 'நெகட்டிவ்' என்ற தாளுக்கு மதிப்பில்லை. பிரேதப் பரிசோதனை எண்ணைக் குறிப்பிட்டு, ஆஸ்பத்திரி வழியாகவே அனுப்பும்படி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

தலையைத் திறக்கச் சம்மதிக்காத குடும்பங்களுக்கும் வழி உண்டு. கண்குழி வழியே ஊசி விட்டு மூளைத் திசு எடுக்கலாம். பிடரித் தோலில் முடிவேரோடு சிறு துண்டு எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யலாம். இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

அக்கா இந்த முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. எச்சில் பட்டு ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். நாளைக்கே அரசு ஆஸ்பத்திரியில் எச்சில் பட்டதைச் சொல்லி ஊசியைத் தொடங்கட்டும். காசு கிடையாது. தோலில் போட்டால் 0, 3, 7, 28 ஆகிய நாள்கள்; 0 என்பது முதல் ஊசி போடும் நாள். அத்தானைப் போல இரண்டோடு நிறுத்த விடாதீர்கள். கூடவே சீரமும், அதாவது ரேபிஸுக்கு எதிரான தயார் எதிர்ப்பொருள் மருந்தும், வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.