வாசகர் கேள்வி: மீன் சிக்காத வலை

கேள்வி: மும்பையில் வெர்சோவா பக்கம் போயிருந்தபோது, ஒரு படகில் சிலர் புனல் மாதிரி நீளமான துணிவலையை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீர். ஒரு மீன்கூட இல்லை. இதற்கா இவ்வளவு மெனக்கெடல்?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: அந்தக் கலங்கலுக்காகத்தான் அம்மா படகே போனது. நானும் பல வருஷம் அந்த வலையை இழுத்தவன். இப்போது மாட்டுங்காவில் பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுகிறேன்.

பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தால், ரவையைக் கொட்டின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் துள்ளும். விலங்கு மிதவை உயிரிகள், அதாவது நீரோட்டத்தோடு மிதந்து திரியும் குட்டி விலங்குகள். பெரும்பாலும் கோப்பிபாடுகள், இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். கூடவே நண்டுக்குஞ்சு, மீன்முட்டை, கண்ணாடிக் குச்சி மாதிரி அம்புப்புழு. நம்மூர்க் கூனி இறால், இங்கே ஜவ்லா என்று விற்கிறார்களே, அதன் குஞ்சும் வரும். நீங்கள் வாங்கும் பொம்பில் மீன் தின்பது ஜவ்லாவை, ஜவ்லா தின்பது இந்தப் புள்ளிகளை.

பிடிப்பது பெரிய காரியமில்லை. எவ்வளவு தண்ணீரில் பிடித்தோம் என்று தெரிய வேண்டும். வலையின் வாயில் ஃப்ளோமீட்டர் என்று ஒரு குட்டிக் காற்றாடி தொங்கும். அது சுற்றின எண்ணிக்கையை வைத்து இழுத்த தூரத்தைக் கணக்கிடுவோம். வாய் கால் சதுர மீட்டர், இழுத்தது 300 மீட்டர் என்றால் 75 கன மீட்டர் தண்ணீரை வடிகட்டியாயிற்று. ஒருநாள் விடிகாலைத் தூக்கக் கலக்கத்தில், வலையை இறக்குமுன் மீட்டர் எண்ணைக் குறிக்க மறந்துவிட்டேன். பாட்டில் நிறைய உயிர், கணக்குக்கு உதவாது. டீசல், படகு வாடகை எல்லாம் தண்டம். அன்று எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

மும்பையில் இன்னொரு வம்பு, சேறு. வலைக்கண் 200 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வற்றுநீரில் கழிமுகச் சேறு வந்து அப்பிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகாமல் வாயோரமாக வழிந்துவிடும். அதனால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இழுப்பதில்லை. நடுவில் ஒரு சொறிமீன் (ஜெல்லிமீன்) புகுந்தால் அதுவும் போச்சு.

அப்புறம் வலையை வெளிப்பக்கமிருந்து கழுவி, ஒட்டியதை எல்லாம் வலையின் கடைசியில் இருக்கும் அடிவாளியில் இறக்கி, கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்ற வேண்டும். கண்ணெரிச்சல் இலவசம். எண்ணுவதெல்லாம் ஆய்வகத்தில், மாதிரியைப் பாதி பாதியாகப் பிரித்து, மைக்ராஸ்கோப்பில்.

1960-65இல் இந்தியப் பெருங்கடல் முழுக்க இதே வேலை நடந்தது. சதுர மீட்டர் வாய் வைத்த ஒரே மாதிரி வலைகளைப் பல நாட்டுக் கப்பல்கள் இறக்கின. பாட்டில்கள் கொச்சிக்கு வந்து சேர்ந்தன.

மறுபடி அந்தப் படகைப் பார்த்தால், வலை வாயில் காற்றாடி சுற்றுகிறதா பாருங்கள். சுற்றவில்லை என்றால் படகில் யாரோ திட்டு வாங்கப்போகிறார்.