பி.எட். முதலிலா, எம்.எஸ்சி. முதலிலா?

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எதை முதலில் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பு முன்னால் நிற்கவே பயம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை எடுக்க, படிப்பளவில் உங்கள் பட்டத்தோடு பி.எட். போதும்; ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். பிளஸ் டூ கணிதம்தான் ஆசை என்றால் எம்.எஸ்சி.யும் வேண்டும். அந்தத் தேர்வில் நீங்கள் எழுதும் இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்தது. அதனால் பள்ளி அறிவியல் புத்தகங்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

பயம் எனக்கும் இருந்தது. பி.எட். படிக்கும்போது பயிற்சிக்குப் போன பள்ளியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தாள். அழித்துவிட்டு மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) சொல்லிக் கொடுத்தேன். மறுநாளும் அதே 2/5. அப்புறம்தான் வழிகாட்டி ஆசிரியை, "ஏன் அப்படிப் போட்டேன்னு அவளையே கேளுங்க" என்றார். கேட்டேன். "மேல மேல கூட்டினேன் சார், கீழ கீழ கூட்டினேன்." பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா என்றேன். காகிதத்தை மடித்துப் பார்த்தாள், தானே அழித்தாள். அன்றைக்கு என் கவனமெல்லாம் அவள் நோட்டில்தான் இருந்தது. பயம் நினைவுக்கே வரவில்லை.

பி.எட். கல்லூரியில் சேரும் முன், பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், உண்மையிலேயே வகுப்பு எடுக்க விடுகிறார்களா என்று அங்கே படிப்பவர்களிடம் கேளுங்கள்.