வேறு வேலை கிடைக்காதவர்கள்தான் அரசுப் பள்ளி ஆசிரியர் ஆகிறார்களா?

மற்றவர்களைப் பற்றித் தெரியாது. நான் அப்படித்தான் ஆனேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

கேள்விக்குக் கீழே, பி.எஸ்சி. கடைசி வருஷம் படிப்பதாகவும் வீட்டில் பி.எட். சேரச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாத்தியார் வேலை உங்களுக்குக் கொஞ்சம் இளப்பமாகப் படுகிறது போல. அந்த வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்டால் உடனே கலாம் கதையைச் சொல்வார்கள். அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவையைக் கரும்பலகையில் வரைந்து காட்டி, பிறகு பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப் போய் அது பறப்பதைக் காட்டினாராம். நல்ல கதைதான், உண்மையும்கூட. ஆனால் எனக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. என் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர் பணியிடம் பாதி வருஷம் காலியாகவே கிடக்கும்.

நான் பாம்பன்காரி. அப்பா நாட்டுப்படகில் போவார், அம்மா பாசி எடுக்கப் போவாள். பாசி என்றால் குளத்துப் பாசி இல்லை, கடல் பாசி. விரல்களில் துணியைச் சுற்றி, காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்குவார்கள். இடுப்பில் ஒரு வலைப்பை தொங்கும். பாறையைப் பிடித்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது எத்தனை துணி சுற்றினாலும் விரல் கிழியும். அம்மா சாயங்காலம் சோறு பிசையும்போது உப்பும் புளியும் பட்டு முகம் சுளிப்பாள். அதனால் பாசிக்குப் போன நாளில் ஸ்பூனில்தான் சாப்பிடுவாள். 'உங்க வீட்டுல துரைசானி சாப்பாடா' என்று பக்கத்து வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

ராமநாதபுரத்தில் கல்லூரி. தாவரவியல் கிடைத்ததால் தாவரவியல் எடுத்தேன். இரண்டாம் வருஷம் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பில் தட்டில் அகார் ஊற்றச் சொன்னார்கள். கிருமி வளர்த்துப் பார்க்க உதவுகிற, ஜெல்லி மாதிரி இறுகும் பொருள் அது. கொதிக்கவைத்த கரைசலை ஆறவிட்டு ஊற்ற வேண்டும். நாற்பது டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் இறுகிவிடும், திரும்ப உருக்க எண்பத்தைந்துக்கு மேல் ஏற்ற வேண்டும். எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று புத்தகத்தைப் புரட்டினால் கெலிடியெல்லா, கிராசிலேரியா என்று பெயர்களும் படமும். படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுத் திண்ணையில் சாக்கில் கிடக்கிற மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும்தான். வியாபாரி மண்ணுக்கென்று எடையில் கழித்துக்கொண்டு வாங்கிப் போய் மதுரைக் கம்பெனிகளுக்கு அனுப்புகிற அதே சரக்கு. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப உங்க காலேஜுல கிலோ என்ன விலைக்கு வாங்குறாங்க?" என்று கேட்டாள்.

உடனே டீச்சர் ஆக முடிவெடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். படிப்பு முடித்து மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதினேன். அப்புறம் பி.எட். முடித்தேன். அப்போது ஒரு வருஷப் படிப்புதான், 2015-க்குப் பிறகுதான் இரண்டு வருஷமானது. கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அது வசதியாகவும் இருந்தது. முடித்ததும் மறுபடி மீன் கம்பெனி. ஒரு நாள் பக்கத்துப் பள்ளி ஹெச்.எம். சார் அப்பாவைக் கடற்கரையில் பார்த்து, "உன் மகளை அனுப்பு, பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து ஏதோ கொடுப்போம்" என்றார். அந்த 'ஏதோ' மீன் கம்பெனிச் சம்பளத்தைவிடக் குறைவு. மீன் நாற்றம் இல்லை என்பதற்காகத்தான் போனேன்.

2012 ஜூலையில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. எழுதிய லட்சக்கணக்கான பேரில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை, நானும் தேறவில்லை. அடுத்த வருஷத் தேர்வில் 150-க்கு 90-ஐத் தொடவில்லை. 2014 தொடக்கத்தில் எங்களைப் போன்ற பிரிவினருக்கு 82 போதும் என்று அரசு குறைத்தது, அதில் உள்ளே வந்தேன். இதைப் படித்ததும் 'சலுகையில் வந்தவள்' என்று பின்னூட்டம் போடப் போகிறவர்கள் தாராளமாகப் போடலாம். கூடவே ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த வருஷம் வேலை கொடுத்தது தகுதித் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து அல்ல. அதற்கு 60, பி.எட்.டுக்கு 15, பட்டத்துக்கு 15, பிளஸ் டூவுக்கு 10 என்று வெயிட்டேஜ் போட்டார்கள். எனக்கு முன்பே அந்தப் பள்ளியில் தொகுப்பூதியத்தில் இருந்த ஓர் அக்கா தகுதித் தேர்வில் என்னைவிட அதிகம் எடுத்திருந்தார். அவர் பிளஸ் டூ படித்த காலத்தில் யாரும் இப்படி அள்ளி மார்க் போட்டதில்லை. அதனால் அவருக்குக் கிடைக்கவில்லை. என்னைவிட நன்றாகப் பாடம் நடத்துவார். இப்போது உச்சிப்புளியில் டியூஷன் எடுக்கிறார். எங்கே பார்த்தாலும் சிரித்துத்தான் பேசுவார், எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

இப்போது உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் வரும்போது கஞ்சிப்பாசியை வீட்டிலிருந்து கொண்டுபோய் ஸ்டவ்வில் வேகவைத்து வடிகட்டி டம்ளரில் ஊற்றி வைப்பேன். மணி அடிப்பதற்குள் இறுகிவிடும். பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள், ஒருத்தன் கண்டிப்பாக நக்கிப் பார்ப்பான். போன முறை ஒரு பெண், "டீச்சர், இதை எங்க அப்பத்தா வயித்துப் புண்ணுக்குக் காய்ச்சிக் குடிக்கும், இதுல போய் கிருமி வளர்ப்பாங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அந்த வகுப்பு முழுக்க அதற்குப் பதில் சொல்லியே போனது.

எல்லா நாளும் இப்படி இருக்காது. அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிறார் என்பதால் பத்து நாளாக வராத பையனிடம் வீட்டுப் பாடம் கேட்க வாய் வராது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீட்டில் கையில் காசு இருக்காது, அதே நேரம்தான் அடுத்த வருஷத்துக்கான நோட்டுப் புத்தகச் செலவும் வரும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எரிச்சல் தீரட்டும். என் பள்ளி பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம். 1988-ல் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலை விட்டால் வழி கிடையாது. இன்று சாலை இருந்தும் சில காலையில் நான் பாலத்தின் நடுவில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருப்பேன். காரணம், வெளியூர் வண்டிகள் பாலத்தின் மேலேயே ஓரம்கட்டி, கதவைத் திறந்து போட்டு, குழந்தையைக் கைப்பிடிச் சுவர் மேல் உட்காரவைத்து செல்ஃபி எடுப்பதுதான். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு, ஐயப்ப சீசனில் கேட்கவே வேண்டாம். வருகைப் பதிவு ஆப்பில் நேரத்துக்கு ஏற வேண்டும். பாலத்தில் நின்றேன் என்ற காரணமெல்லாம் அந்த ஆப்புக்குத் தெரியாது. ராமேஸ்வரம் வருகிறவர்கள் தயவுசெய்து பாலத்தைத் தாண்டி வண்டியை நிறுத்துங்கள், கடல் அங்கேயும் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். வேறு நல்ல வேலை கிடைத்தால் போங்கள், ஆசிரியர் பணி புனிதம் என்று சொல்லி உங்களைப் பிடித்து வைக்க மாட்டேன். கிடைக்காமல் இதற்கு வந்தாலும் தலை குனிய ஒன்றுமில்லை. ஆனால் இப்போது தகுதித் தேர்வு மட்டும் போதாது, அதற்கு மேல் நியமனத் தேர்வு ஒன்றும் உண்டு. தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் அறிவியல்காரர்களுக்கான 60 மதிப்பெண்ணில் கணக்கும் கலந்து வரும். தாவரவியல், விலங்கியல் படித்தவர்கள் அங்கேதான் கோட்டை விடுவோம். பி.எட். சேரும்வரை காத்திருக்காமல் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.