நடுவரே இல்லாத பாறையேற்றத்தில் யார் சொல்வதை நம்புவது?

கேள்வி: பாறையேற்றத்தில் நடுவர் கிடையாது, ஏறியவரின் வாய்ச்சொல்லே சான்று என்கிறார்கள். அப்படியானால் உச்சத்தில் இருப்பவர்களில் யார் பொய் சொல்கிறார், யார்மீது வீண்பழி விழுகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

நான் சேலத்துக்காரன். ஏற்காட்டு மலையின் அடிவாரப் பாறைகளில் இளைஞர்கள் சிலரோடு பல ஆண்டுகளாக ஏறி வருகிறேன். இந்தக் கேள்வி எங்கள் சிறிய வட்டத்திலேயே ஒருமுறை ஒருவரைக் காயப்படுத்தியிருப்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். சொன்னவர் நல்லவரா கெட்டவரா என்று எடைபோட்டு இதற்கு விடை காண முடியாது. அவர் சொன்ன ஏற்றத்தை அந்தப் பாறையிடமே கொண்டுபோய்ச் சரிபார்க்க வேண்டும். பெரும் புகழ் பெற்றவர்களின் வழக்குகளில் உண்மை வெளிவந்ததும் பெரும்பாலும் அப்படித்தான்.

"ஏறினேன்" என்ற ஒரு சொல்லுக்குள் பல நிபந்தனைகள் இருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பின் பார்த்திராத பாதையை முதல் முயற்சியிலேயே விழாமல் ஏறினால் அது ஆன்சைட். பலமுறை பழகிவிட்டு, பிறகு ஒரே மூச்சில் விழாமலும் கயிற்றில் தொங்கி இளைப்பாறாமலும் ஏறினால் அது ரெட்பாயின்ட். நடுவில் ஒரு நொடி கயிற்றில் உடல் எடையைச் சாய்த்திருந்தாலும் அது வேறு கணக்கு. அந்த ஒரு நொடி ஏறியவருக்கும் கீழே கயிறு பிடித்தவருக்கும் மட்டுமே தெரியும். ஊருக்கு ஊர் நெறியும் மாறும். ஜெர்மனியின் எல்பே மணற்கல் பகுதியில் விழுந்தால் கயிற்றைத் தாங்குவதற்கான நட்டு என்ற சிறு உலோகக் கட்டைகளைப் பிளவுகளில் செருகக் கூடாது. முடிச்சுப் போட்ட நாடாக்களைத்தான் செருக வேண்டும். கைவியர்வைக்குப் பூசும் வெள்ளைப் பொடிக்கும் அங்கே தடை. அந்தப் பொடி மக்னீசியம் கார்பனேட், அதாவது நம் சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் அதே சேர்மம் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இனி வழக்குகளுக்கு வருகிறேன். அர்ஜென்டினா, சிலி எல்லையில், பட்டகோனியாவில் செர்ரோ தோர்ரே என்ற 3,128 மீட்டர் உயரச் சிகரம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு இத்தாலியரான செசாரே மாயஸ்ட்ரி, ஆஸ்திரியரான டோனி எக்கருடன் அதன் உச்சியைத் தொட்டதாக அறிவித்தார். இறங்கும் வழியில் பனிச்சரிவு எக்கரை அடித்துச் சென்றது என்றும், படம் எடுத்த கேமராவும் அவரோடு போய்விட்டது என்றும் சொன்னார். உயிரிழந்த தோழனைப் பற்றிப் பேசுகிற ஒருவரிடம் ஆதாரம் கேட்க யாருக்கு மனம் வரும்? உலகம் நம்பியது. ஐயம் கிளம்பியது பின்னர்தான். மலையின் கீழ்ப்பகுதியைப் பற்றிய அவரது வருணனை தெளிவாகவும், மேற்பகுதியைப் பற்றியது மங்கலாகவும் இருந்ததைச் சிலர் கவனித்தார்கள்.

ஐயத்துக்குப் பதில் சொல்வதற்காக மாயஸ்ட்ரி 1970இல் மீண்டும் போனார். இம்முறை பெட்ரோலில் ஓடும் கம்ப்ரசர் ஒன்றைச் செங்குத்துச் சுவரில் ஏற்றிச் சென்று, வேறொரு பக்கத்தில் ஏறக்குறைய 400 போல்ட்டுகளை, அதாவது கயிறு மாட்டப் பாறையில் பதிக்கும் ஆணிகளை, துளையிட்டு அடித்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி தெருவில் நின்று துளையிடும்போது எழும் இரைச்சலைக் கேட்டு வளர்ந்த நமக்கு, காற்றும் பனியும் மட்டுமே இருக்கும் ஒரு சுவரில் அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அவ்வளவும் செய்துவிட்டு, உச்சியில் குடைபோல் கவிந்திருக்கும் பனிக்கட்டியின் மீது அவர் ஏறவில்லை; அது மலையின் பகுதியே அன்று என்று சொல்லிவிட்டார். அந்த இயந்திரம் சுவரிலேயே தொங்கவிடப்பட்டது. 1974இல் கசிமிரோ ஃபெராரியின் தலைமையில் ஏறிய இத்தாலியக் குழுவின் ஏற்றம்தான் ஐயமில்லாத முதல் ஏற்றம் என்று இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

1959ஆம் ஆண்டுக் கதையை உடைத்தது பாறை சொன்ன சாட்சியம். 1976இல் ஜிம் டோனினி உள்ளிட்ட மூன்று அமெரிக்கர்கள் பக்கத்துச் சிகரமான தோர்ரே எக்கரில் ஏறினார்கள். அவர்களுடைய பாதையின் முதற்பகுதியும் மாயஸ்ட்ரி ஏறியதாகச் சொன்ன பாதையும் ஒன்றே. ஓரிடம் வரை பழைய கயிறுகளும் ஆணிகளும் நிறையக் கிடைத்தன. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இரு சிகரங்களுக்கும் இடையிலுள்ள கணவாயை நோக்கிய குறுக்குப் பாதை கீழிருந்து பார்க்கும்போது மிகக் கடினமாகத் தெரிகிறது. அருகே போனாலோ எளிதாகக் கடக்க முடிகிறது. அதைக் கடந்ததாகச் சொன்ன மாயஸ்ட்ரியோ அதைக் கடினமானது என்றே வருணித்திருந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவனுக்குத் தோன்றுவதும், நேரில் கை வைத்தவனுக்குத் தெரிவதும் வெவ்வேறு. அந்த வேறுபாடுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. 2005இல் ஏர்மான்னோ சால்வாத்தேர்ரா, ரோலாண்டோ கரிபோட்டி, அலெஸ்ஸாண்ட்ரோ பெல்த்ராமி ஆகிய மூவரும் அந்தப் பக்கத்தின் வழியாக உச்சி வரை சென்றபோதும் மேற்பகுதியில் தடயம் எதுவும் இல்லை. அந்தச் சிகரத்தில் எடுத்ததாக மாயஸ்ட்ரி வெளியிட்டிருந்த ஒரு படம் உண்மையில் வேறொரு சிகரத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் கரிபோட்டி பின்னர் நிறுவினார். மாயஸ்ட்ரி 2021இல் தம் 91ஆம் வயதில் மறையும்வரை தம் கூற்றிலிருந்து இறங்கவில்லை. விசாரித்தவர்களில் சால்வாத்தேர்ரா முதலில் அவரைப் போற்றி நம்பியவர் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வெறுப்பு அவரை அங்கே கொண்டுசெல்லவில்லை.

இதற்கு நேர் எதிரான வழக்கு வால்டர் பொனாட்டியுடையது. 1954இல் இத்தாலியக் குழு உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2வை முதன்முதலாக எட்டியபோது, உச்சிக்குப் போகவிருந்த கம்பாஞ்ஞோனி, லாச்சதெல்லி இருவருக்காக ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்து சென்றவர்கள் பொனாட்டியும், பாகிஸ்தானின் ஹுன்சாவைச் சேர்ந்த சுமைதூக்குநர் அமீர் மஹ்தியும். கூடாரம் பேசி வைத்த இடத்தில் இல்லை. இருவரும் 8,100 மீட்டர் உயரத்தில், கூடாரமோ உறக்கப் பையோ இல்லாமல், திறந்த பனிச்சரிவில் இரவைக் கழித்தார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, பொனாட்டி அந்த ஆக்சிஜனைத் தாமே பயன்படுத்திவிட்டதாகவும், இருவரையும் முந்திக்கொண்டு உச்சிக்குப் போக எண்ணியதாகவும் ஒரு செய்தித்தாள் எழுதியது. உருளைகளை அவர் சுமந்தது உண்மை. ஆனால் சுவாசிப்பதற்கான முகமூடிகள் மேலே இருந்த இருவரிடமே இருந்தன. முகமூடி இல்லாமல் அந்த உருளையால் ஒரு பயனும் இல்லை. வழக்குத் தொடுத்த பொனாட்டி நீதிமன்றத்தில் வென்றார். ஆனாலும் பேச்சு ஓயவில்லை. உச்சிக்கு வெகுமுன்பே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்ற அதிகாரபூர்வக் கதைக்கு மாறாக, உச்சியில் எடுத்த படத்திலேயே கம்பாஞ்ஞோனி முகமூடி அணிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியவர் ராபர்ட் மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர். எல்லோர் கண்ணெதிரிலும் பல ஆண்டுகள் கிடந்த படம் அது. இத்தாலிய மலையேற்றக் கழகம் பொனாட்டியின் கூற்றை முறையாக ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் மஹ்தியிடம்தான் போகிறது. அந்த இரவின் உறைபனிக்குக் கால்விரல்களை இழந்தவர் அவர். பொனாட்டிக்குப் பேனா இருந்தது, வழக்கறிஞர் இருந்தார், பல ஆண்டுகள் வாதாடும் வலிமை இருந்தது. நற்பெயர் என்பதைக் காத்துக்கொள்ளவும் வசதி வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

எங்கள் ஊரில் நடந்ததை இந்த இடத்தில் சொல்கிறேன். சேர்வராயன் மலைப்பாறை பெரும்பாலும் சார்னோகைட்; கருமை கலந்த கடினமான கல். அதில் விரல் நுனி நுழையும் அளவுக்கு நல்ல பிடி கிடைப்பது அரிது. அடிவாரத்தில் ஒரு பெரிய உருண்டைப் பாறையின் கடினமான பக்கத்தை எங்கள் குழுவில் வயதில் இளையவரான ஒரு தம்பி முதலில் ஏறினார். சில வாரங்களில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. நடுவிலிருக்கும் பிடி இயற்கையானதாகத் தெரியவில்லை, உளி வைத்துச் செதுக்கியிருக்கிறார் என்றார்கள். பாறையேறிகளிடையே பிடி செதுக்குவதைவிட இழிவான குற்றச்சாட்டு குறைவு. அடுத்த தலைமுறையில் யாரோ ஒருவர் அப்படியே ஏறியிருக்கக்கூடிய வாய்ப்பை அது அழித்துவிடுகிறது. அவரிடம் யாரும் நேரில் கேட்கவில்லை. அவருக்கு ஷூ இரவல் கொடுப்பதைச் சிலர் நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நான் கயிறு கட்டி மேலிருந்து இறங்கி அந்தப் பிடியைப் பார்த்தேன். நீள்சதுரமான குழி, இரண்டு விரல் ஆழம். உள்ளே சாம்பல்நிறப் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. விளிம்புகள் மழையில் தேய்ந்து மழுங்கியிருந்தன. பொடியைத் துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தால், அதே மட்டத்தில், ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியில், இன்னும் சில குழிகள் ஆழமில்லாமல் வரிசையாகப் போயின. கல்லுடைக்கும் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் கீழே நின்றபடியே சொன்னார்: "இது ஆப்புக்குழி கண்ணு. கல்லு சரியா வாய் பொளக்காதுன்னு தெரிஞ்சு, பாதியிலயே விட்டுட்டுப் போயிருக்காங்க. எங்கப்பா காலத்து வேலை." செதுக்கப்பட்ட பிடிதான். ஆனால் அதைச் செதுக்கியவர்கள் வீட்டுக்குப் படிக்கல் எடுக்க வந்தவர்கள். அந்தத் தம்பி அப்போது பிறக்கவே இல்லை. மறுவாரம் எல்லோரையும் அந்தப் பாறையடிக்கு அழைத்து, பெரியவர் காட்டிய வரிசையை நானும் காட்டினேன். சந்தேகப்பட்டவர்கள் பார்த்தது தவறில்லை. பார்த்ததைப் பாறையிடமும், ஏறியவரிடமும் கேட்காமல் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான் தவறு.

எல்லா வழக்குகளும் இப்படிப் பொய், மெய் என்று இரண்டாகப் பிரிந்துவிடுவதில்லை. 1995இல் ஃபிரான்சின் ஃப்ரெட் ரூலிங், அகிரா என்ற குகைக்கூரைப் பாதையை ஏறி அதன் கடினத்துக்கு 9பி என்ற தரம் கொடுத்தார். அன்று உலகின் உச்சம் 9ஏ. வோல்ஃப்காங் குல்லிச் 1991இல் ஏறிய ஆக்‌ஷன் டிரெக்ட் போன்ற பாதைகள்தான் அந்தத் தரம். அதையும் தாண்டிய தரத்தை, அதிகம் அறியப்படாத ஒருவர் அறிவித்ததும் ஏளனமும் ஐயமும் சேர்ந்தே எழுந்தன. 25 ஆண்டுகள் அந்தப் பாதையை வேறு யாரும் ஏறவில்லை. 2020இல் செபாஸ்டியன் புவான், லூசியன் மார்ட்டினே இருவரும் ஏறி, தரம் 9ஏ என்றார்கள். தரம் என்பது ஏறியவரின் கணிப்பு. அது மிகையாக இருப்பதற்கும் ஏறவே இல்லை என்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. வதந்தி இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

நெறி பற்றிய சண்டையும் நேர்மை பற்றிய சண்டையும் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1970இல் வாரன் ஹார்டிங், டீன் கால்டுவெல் இருவரும் அமெரிக்காவின் யோசெமிட்டியிலுள்ள எல் கேப்பிட்டன் பாறையின் டான் வால் சுவரில் 27 நாள் தங்கி, ஏராளமான துளைகள் இட்டு ஏறினார்கள். ஹார்டிங் எதையும் மறைக்கவில்லை. அது பாறைக்குச் செய்த அவமதிப்பு என்று கருதிய ராயல் ராபின்ஸ் அடுத்த ஆண்டு அதே பாதையில் ஏறியபடி போல்ட்டுகளை வெட்டத் தொடங்கினார்; மேலே போகப் போக ஹார்டிங்கின் ஏற்றத் திறனைக் கண்கூடாகக் கண்டு, வெட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டார். தம் நாட்டின் மிகச் சிறந்த பாறையேறிகளில் ஒருவர், எல்லோருக்கும் தெரியும்படித் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். மாறாக, செர்ரோ தோர்ரேயில் மாயஸ்ட்ரி அடித்த போல்ட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை 2012இல் ஹேடன் கென்னடி, ஜேசன் க்ரூக் இருவரும் நீக்கியபோது, கீழே எல் சால்ட்டன் ஊரில் கொதிப்பு எழுந்து காவல்துறை வரை போனது. அது சரியா தவறா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. நீக்கியவர்கள் செய்ததை வெளிப்படையாகச் சொன்னதால், வாதம் அவர்கள் செய்த செயலைப் பற்றியதாகவே இருக்கிறது.

இன்று முன்னணியில் இருப்பவர்கள் வெட்டாத காணொளியை வெளியிடுகிறார்கள். கடினமான ஏற்றங்களுக்கு அது ஏறக்குறைய எழுதாத விதியாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் படம் இருந்துவிட்டால் போதும் என்பதையும் நான் ஏற்கவில்லை. 1990இல் இமயத்தின் லோட்சே சிகரத்தின் தெற்கு முகத்தைத் தனியே ஏறியதாக அறிவித்த ஸ்லோவேனியரான டோமோ செசென் சான்றாகக் காட்டிய படம் மற்றொரு மலையேறியான விக்கி குரோஷெல் எடுத்தது என்று பின்னர் தெரியவந்தது. 2016இல் எவரெஸ்ட் ஏறியதாக அறிவித்த புனேயைச் சேர்ந்த காவலர் தம்பதியின் படங்களும் வேறொருவருடைய படங்களைத் திருத்தியவை என்று கண்டு நேபாள அரசு அவர்களுக்குப் பத்து ஆண்டுத் தடை விதித்தது. இரண்டிலும் படத்தை உண்மையாக எடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குட்டு வெளிப்பட்டது.

ஆகவே உங்கள் நண்பர் ஏறினேன் என்று சொல்லி, மற்றவர்கள் கிசுகிசுத்தால், அவரிடமே போய்க் கேளுங்கள். நடுப்பகுதியில் எந்தக் காலை முதலில் மாற்றினீர்கள், பிடியின் உட்புறம் வழுவழுப்பா சொரசொரப்பா, எந்த இடத்தில் மூச்சு வாங்கியது, கயிறு பிடித்தவர் யார் என்று கேளுங்கள். பிறகு அவருடைய பதிலைப் பாறையில் போய்ப் பாருங்கள். ஏறியவர் பொதுவாக இந்தக் கேள்விகளை மகிழ்ச்சியோடு வரவேற்பார். மணிக்கணக்கில் பேசவும் செய்வார். பதில் பொருந்தவில்லை என்றால், அந்த ஏற்றத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விடலாம், அதை அவரிடமும் சொல்லிவிடலாம். எங்கள் குழுவின் நோட்டில், ஏறியவர் பெயர், ஏறிய முறை, உடனிருந்தவர் ஆகியவற்றை எழுதுகிறோம். உடனிருந்தவர் இல்லாத ஏற்றங்களையும் எழுதுகிறோம். ஐயம் உள்ளவர் தம் ஐயத்தைத் தம் பெயரோடு பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது ஆப்புக்குழி விவகாரத்துக்குப் பிறகு சேர்த்த விதி.